உப்பில்லை என்று சொன்ன நாள்

எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு நாள் உத்தியோகம் கிடைத்தது. படகு இஞ்சினிலிருந்து வடியும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கோலக்கிள்ளான் முழுவதிலும் கிடையாது என்றார் மாமா. அவர் லேசில் யாரையும் புகழ்கிறவர் அல்ல.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. உப்பு என்ற சாமானையே கடைக்காரர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுக்கலாம்தான். அதற்கு விறகும் வேண்டும், பாடுபட ஆம்பிளையும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் பஞ்சம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா வயிற்றில் ஐந்து மாதத்துப் பாப்பா. அது வரப்போவது அப்பாவுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் உப்பில்லாமலே தின்று பழகிப்போனதில், துளி உப்பு பட்டாலும் எங்கள் நாக்கு துள்ளி எழுந்துவிடும். மாமாவின் நாக்கோ புகையிலை போட்டுப் போட்டு மரத்துப்போனது. கடலையே குடித்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார். துறைமுகத்தில் லாஞ்சு என்ற மோட்டார் படகுக்கு டிரைவர். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிப் போனதும் ஜப்பான்காரன் வந்து லாஞ்சையும் மாமாவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

அந்த லாஞ்சின் வயிற்றுக்குள் பலகை மூடிக்குக் கீழே இருந்த இஞ்சினைப் போல ஒரு பொருளை நான் அதுவரை கண்டதில்லை. என் உயரம் இருக்கும். பச்சை வண்ணம் அடித்து, ஓரங்களில் பித்தளை பளபளக்கும். அதனருகே போனால் எனக்குப் பேச்சே வராது. ஒருமுறை மாமா என் காதை அதன் மேல் வைக்கச் சொன்னார். உள்ளே எங்கோ தண்ணீர் சளசளத்தது.

"இரும்புக்குள்ள ஒரு ஆறு ஓடுது புள்ள," என்றார்.

படகின் அடியில் ஒரு துளை. அதன் வழியே கடல் தண்ணீர் உள்ளே வருமாம். இஞ்சினின் உடம்புக்குள் இருக்கும் சந்து பொந்துகளையெல்லாம் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டுக் குழாய் வழியே வெளியே கொட்டுமாம். ஓடும் வரைக்கும் அந்தத் தண்ணீரால் தொல்லை இல்லை. இஞ்சின் நின்றுவிட்டால்தான் ஆபத்து. உள்ளே தங்கிய உப்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். அவ்வளவு பெரிய இரும்பை உப்பு தின்னும் என்பதை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நாங்கள் தின்ன உப்பில்லை, உப்பு தின்ன இஞ்சின் இருக்கிறது.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. லாஞ்சுகளையெல்லாம் கொஞ்ச காலம் கட்டிப்போடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கட்டிப்போடுவதற்கு முன் இஞ்சினிலிருக்கும் கடல் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, அதையும் வடித்துவிட வேண்டும். பக்கத்து லாஞ்சு டிரைவர் அதை ஒப்புக்குச் செய்தார். இஞ்சின் துருப்பிடித்து இறுகிக்கொண்டது. அவரை அடுத்த ரயிலிலேயே சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜப்பான்கார இஞ்சினியர் தானே ஒவ்வொரு லாஞ்சாகப் போய், வடிகிற தண்ணீரை நக்கிப் பார்த்துத்தான் சரி சொல்வது என்று வழக்கம் வைத்துக்கொண்டார். எங்கள் முறை வந்தது. சாயங்காலம் அவர் வருவார். உப்புக் கரித்தால் மாமாவும் சயாமுக்குப் போக வேண்டியதுதான்.

இஞ்சினை ஓட்டிக் கழுவினால் அரை மணி நேர வேலை. ஓட்ட எண்ணெய் இல்லை. மேலே ஊற்றிக் கீழே வடிக்க வேண்டும். லாஞ்சில் கூட வேலை பார்த்த இரண்டு கலாசிகளும் எங்கோ தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டார்கள். மாமாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். உட்கார்ந்தபடி ஊற்ற முடியும், படகு கட்டும் ஜெட்டியின் படி ஏற முடியாது. நல்ல தண்ணீர்க் குழாய் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் இருந்தது. அம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"வேணாங்கா. இந்த ஒடம்போட நீ தூக்கக் கூடாது," என்றார் மாமா.

"ஒருத்தரை அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். ஒன்னையும் அனுப்பிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் அம்மா. மாமா குனிந்து பலகை மூடியைத் திறந்தார்.

இஞ்சினின் அடியில் விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய். திருகினால் திறக்கும். மாமா அதைக் காக்கு என்பார். முதலில் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்றேன். இப்படி நினைத்துத்தான் பலபேர் ஏமாந்துபோகிறார்கள் என்று சொல்லி, மாமா ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். சேறு வந்தது. அரிசி அளவில் ஒரு சிப்பி வந்தது. அப்புறம் துருவும் கடலும் கலந்து செக்கச்செவேலென்று கொட்டிற்று. இரும்புக்குள் ஓடிய ஆற்றை நான் கண்ணால் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவும் செய்தேன். மாமா சிரித்தார்.

பிறகு என் உத்தியோகம் தொடங்கியது. அம்மா கொண்டுவரும் குடத்தை மாமா மேலே ஊற்றுவார். சந்து பொந்துகளில் உப்பு ஊறிக் கரையட்டும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் காக்கைத் திறப்பார். நான் விரலில் ஏந்தி நாக்கில் வைப்பேன். முதல் குடத்தின் தண்ணீர் நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தனை மாதம் கழித்து உப்பு! துருவும் எண்ணெயும் கலந்த உப்புதான், இருந்தாலும் உப்பல்லவா. "துப்புடி," என்றார் மாமா. துப்பினேன், முழுவதையும் அல்ல.

ஐந்தாறு குடத்துக்குப் பிறகு கரிப்பு குறைந்தது. பத்தாவது குடத்தில் இன்னும் குறைந்தது. ஆனால் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் இருக்கு என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள். என் ஒரு சொல்லுக்குப் பெரியவர்கள் இருவரும் கட்டுப்பட்டதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பதினாலாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா படியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் நடுங்கின. பெருமையெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இப்ப எப்படி இருக்கு பாரு," என்றாள்.

வைத்துப் பார்த்தேன். லேசாக, நாக்கின் ஓரத்தில் மட்டும், உப்பு இருந்தது. அம்மாவின் கால்களைப் பார்த்தேன்.

"உப்பில்லைம்மா," என்றேன்.

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, லயத்துக்குப் பின்னால் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய் மாமாவுக்குத் திருநீறு வாங்கி வா, ஓடாமல் நிதானமாகப் போய்விட்டு வா என்றாள். நான் போனேன். என் பொய்யால் மாமா சயாமுக்குப் போகப் போகிறார். உண்மையைச் சொன்னால் அம்மா மறுபடி குடம் தூக்குவாள். சாமி முன்னால் உட்கார்ந்து அழுதேன். தண்ணீரை இனிக்க வைத்துவிடு முருகா, பத்துமலைக் கோயில் படி முழுவதையும் முட்டி போட்டு ஏறுகிறேன் என்று வேண்டினேன். திரும்பிப் போகப் பயந்து வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது அம்மா அதே படியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சேலை மட்டும் இடுப்பிலிருந்து கீழே நனைந்திருந்தது. சற்று நேரத்தில் இஞ்சினியர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். குனிந்து காக்கைத் திறந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குவது போலக் கை குவித்து வாங்கி வாயில் விட்டுக்கொண்டார். இன்னொரு தடவையும் வாங்கினார். என் உயிர் என்னிடம் இல்லை.

"பாகுஸ்," என்றார். நல்லது என்பதற்கு அவருக்குத் தெரிந்த மலாய் அது ஒன்றுதான். காக்கைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுத்த லாஞ்சுக்குப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிட்டது. நான் கேட்டேன், முருகன் செய்துவிட்டான்! மாமா என் கையிலிருந்த திருநீற்றை எடுத்து அம்மாவின் நெற்றியில் பூசினார். சந்தோஷத்தில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, ஆளை மாற்றிப் பூசுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று இரவு என்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தார்கள். மறுநாள் அம்மா பாயைவிட்டு எழவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். பாப்பா இப்போது வராதாம், அப்புறமாக வருமாம் என்று ஒருத்தி சொன்னாள். ரயில் தாமதம் என்பது போல நானும் அதைக் கேட்டுக்கொண்டேன். வந்தவர்களிடமெல்லாம் தண்ணீர் இனித்த கதையைச் சொல்வதிலேயே எனக்குப் பொழுது போனது.

மாமா சயாமுக்குப் போகவில்லை. அப்பா சயாமிலிருந்து வரவில்லை. அம்மா காலமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, செராஸில் மகள் வீட்டில் இருந்த மாமாவைப் பார்க்கப் போனபோது, அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த அதிசயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் எழுந்து போகும்வரை அவர் காத்திருந்தார்.

"நீ கோயிலுக்குப் போனதும் அக்கா காக்குல வெரல வச்சு நாக்குல தொட்டுப் பாத்துச்சு," என்றார். "உப்பு தெரிஞ்சிருக்கு. குடத்தத் தூக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் ஆறு குடம். நான் தடுத்திருக்கணும். உயிர் மேல ஆச, தடுக்கல."

இது ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இஞ்சினியர் வந்துபோன மூன்றாம் நாள் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ரகசியத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். உப்பு இருக்கும்போதே இல்லை என்று பொய் சொன்னதையும், முருகனிடம் வேண்டிக்கொண்டதையும், அதனால்தான் அவளுக்கு அதற்குமேல் குடம் தூக்கும் கஷ்டம் இல்லாமல் போனதையும் விவரமாக எடுத்துச் சொன்னேன்.

"ஆமாண்டி கண்ணு, ஒன்னாலதான்," என்றாள் அம்மா.

பாப்பாவும் சீக்கிரம் வரவேண்டும் என்று அதே சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிற்று. நான் அழுத்திப் பிடித்தது வலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் மெதுவாகப் பிடித்துவிட்டேன்.