இரண்டாவது பெல்ட்

ஓக்லாவில் சொந்தப் பட்டறை, மயூர் விஹாரில் வீடு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாவு விற்கிற கடைகளில் ஓடும் என் கிரைண்டர்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் உண்டாக்கியவை இவை. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை.

எனக்குப் பத்து வயது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அக்காவுக்குக் கல்யாணம். "டெல்லியில இட்லி கல்லாட்டம்தான் இருக்கும்" என்று சம்பந்தியம்மா முன்பே சொல்லியிருந்தார். "எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்று அப்பா சவால் விட்டிருந்தார். ஜனவரிக் குளிர். முதல் நாள் மத்தியானத்துக்குள் அரைத்து, பாத்திரத்தை ரஜாயால், அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையால், போர்த்தினால்தான் காலையில் மாவு பொங்கும்.

அன்று பார்த்து, வாடகைக் கிரைண்டரின் மோட்டார் கருகிப்போனது.

மாமா கோதுமை மில்லிலிருந்து ஒரு மோட்டாரைத் தூக்கி வந்தார். பேய் வேகம். அரிசி சுவரில் தெறித்தது. வேகத்தைக் குறைக்க, மோட்டாருக்கும் உரலுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தண்டில் சக்கரங்களை மாட்டி, இரண்டு பெல்ட்டுகளால் இணைத்தார்.

"இன்னொரு சக்கரம் போட்டா வேகம் கூடத்தானே செய்யும்?" என்றாள் அத்தை.

"முதல் சக்கரத்துல வேகம் மூணுல ஒரு பங்கு. அடுத்ததுல அதுலயும் பாதி. சும்மா பாருங்க."

வேகம் குறைந்தது. ஆனால் பெல்ட் வழுக்கியது. பிடிப்புக்காக முதல் பெல்ட்டை எட்டுப் போல முறுக்கி மாட்டினார் மாமா. பிடித்தது, ஆனால் உரல் எதிர்ப்பக்கம் சுழன்றது. மாவைக் கல்லுக்குத் தள்ள வேண்டிய தகடு அதை வெளியே தள்ளியது. முறுக்கை எடுத்தால் வழுக்கல், போட்டால் தலைகீழ். வெயில் வாசலைவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

"சம்பந்திக்குப் பிரெட்டும் ஜாமுமா வைக்கப் போறே?" என்று அம்மா மாமாவிடம் சீறினாள். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மாமா, ரெண்டாவது பெல்ட்டையும் முறுக்குங்க" என்றேன் நான்.

"போடா! ஒண்ணை முறுக்கினதுக்கே தலைகீழா ஓடுது."

"உள்பக்கம் வெளியே வந்த சட்டையை இன்னொரு வாட்டி திருப்பினா நேராயிடுதுல்ல?"

மாமா என்னை முறைத்தார். பிறகு பெல்ட்டை முறுக்கினார். சுவிட்சைப் போட்டார். உரல் நிதானமாக, நேராகச் சுழன்றது. உளுந்து நுரைத்து எழும்பியது.

அப்பா மாமாவைக் கட்டிக்கொண்டார். "அந்த ரஜாயைக் கொண்டாடா, ஜல்தி!" என்பதுதான் எனக்குக் கிடைத்தது. மறுநாள் சம்பந்தியம்மா மறுபடி இட்லி கேட்டபோது, "எல்லாம் என் தம்பியோட மூளை" என்றாள் அம்மா.

போன வாரம் பேத்தி பாடம் படித்தாள். மூன்றில் ஒன்றை அரையால் பெருக்கினால் ஆறில் ஒன்றாம். பெருக்கினாலும் குறையும். மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ். பள்ளியில் இந்தக் கணக்குக்கு முட்டை வாங்கியவன் நான். அன்று அந்தச் சக்கரங்களும் இரண்டு முறுக்குகளும் செய்தது இதேதான் என்று எனக்கு அப்போது தெரியாது. யோசனை சொன்னவன் தன் பெயரையும் சேர்த்து உரக்கச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது.

அடுத்த மாதம் அத்தானுக்குச் சதாபிஷேகம். மாமாவின் பிள்ளைகள் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். சொல்லட்டும். முதல் பெல்ட் மாமாவுடையது, இரண்டாவது என்னுடையது என்று அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.