அண்ணனுக்குச் சேராமல் போன டை

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே நரை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் டை அடித்துவந்தார். அவர் குடியிருக்கும் கோச்சடையில் மதினியைத் தவிர அவருடைய நரையைப் பார்த்தவர்கள் கிடையாது.

போன தை மாதம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மூன்று நாள் முன்னதாகவே தலைக்கும் மீசைக்கும் பூசி முடித்தார். மறுநாள் லேசாக அரித்திருக்கிறது. முந்தின மாதமும் அப்படித்தான் காதோரம் அரித்ததாம், கண்டுகொள்ளவில்லை. விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் மதினி போன் பண்ணி என்னை உடனே வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் அண்ணனின் முகம் வீங்கி, கண் இரண்டும் இடுங்கிப்போய், மேலுதட்டில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். இத்தனை வருடமாக இதே டைதான், இந்தப் பாக்கெட்டுதான் போலி என்று அண்ணன் வாதாடினார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாக்கெட்டுல கோளாறு இல்ல சார். இம்புட்டு நாளா ஒங்க உடம்பு பொறுத்துக்கிச்சு. இப்ப ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுக்கள்ல சிலது இத எதிரின்னு முடிவு பண்ணிருச்சு. இனி மறக்காது."

அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும், வேறு பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே மருந்துதான் என்றும் எச்சரித்தார். மாத்திரை கொடுத்து, முடியை ஒட்ட வெட்டிவிடச் சொன்னார்.

நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். மதினி சம்மதிக்கவில்லை. மறுநாள் பாதி வடிந்த முகத்தோடு, ஒட்ட வெட்டிய தலையோடு, மீசையில்லாமல் வாசலில் நின்றார். கொட்டாம்பட்டியிலிருந்து வந்திறங்கிய மாப்பிள்ளையின் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழநிக்குப் போய்ட்டு வந்தீகளா சம்பந்தி?"

அண்ணன் சமாளிப்பார் என்று நினைத்தேன். டை அடித்ததில் இப்படி ஆகிவிட்டது என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். சம்பந்தி சட்டைக்கையைச் சுருட்டி, தடித்துக் கறுத்திருந்த முழங்கையைக் காட்டினார்.

"எனக்குப் பார்த்தீனியச் செடி. வருசக்கணக்கா வெறுங்கையால புடுங்குனேன், ஒண்ணும் செய்யல. திடீர்னு ஒருநா புடிச்சுக்கிருச்சு."

பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் களிம்பு கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பாயசம் வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆவணியில் கல்யாணம். அண்ணன் வெள்ளைத் தலையும் வெள்ளை மீசையுமாக மேடையில் நின்றார். நன்றாகத்தான் இருந்தார். மதினி அன்றைக்கு அவரைவிட்டு நகரவே இல்லை.