ஆம்புலன்ஸ் யாருக்குப் பின்னால்

எங்கள் டவுன்ஷிப் கிளப் நடத்திய நெடுந்தூர சைக்கிள் போட்டியில் வெளியாட்களுக்கு மட்டும் இருமடங்கு கட்டணம். "அதே ரோட்டுலதானங்க ஓட்டப் போறோம்?" என்று கேட்டார் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி.

"மெம்பருங்க வருஷம் பூரா சந்தா கட்டுறாங்க. ஆம்புலன்ஸ் எல்லாம் அந்தக் காசுதான்," என்றார் செயலாளர். அப்படியானால் இவரிடம் வாங்குவது எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழிலாளி பணத்தை எண்ணிக் கட்டினார்.

வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகப் போட்டியை முடித்துத் திரும்பினார்கள். கடைசி உறுப்பினருக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்து நின்றது. அங்கே காத்திருந்த தொழிலாளியின் மனைவி டிரைவரிடம் ஓடினார்.

"எங்க வூட்டுக்காரரு பின்னால வந்துகினு இருக்காருங்களா?"

"தெரியலம்மா. கடைசி மெம்பர் பின்னாலதான் வரச் சொன்னாங்க."

அவர்கள் வந்த முத்தாண்டிக்குப்பம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அவர் கணவரை செல்போனில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.