தோற்கிற கழகத்துக்கு ஒரு பெவிலியன்

எங்களூர் விளையாட்டுக் கழகம் ஹொக்கிக்கு வந்ததே, உதைபந்தில் தோற்றுத் தோற்று வெட்கம் தாங்க முடியாமல்தான். வடக்கேயிருந்து வந்தவனும் அடித்தான், தெற்கேயிருந்து வந்தவனும் அடித்தான். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, இந்தக் கரையோரத்தில் எவனும் ஆடாத ஆட்டமொன்றை நாம் ஆடினால் நம்மை அடிக்க ஆளிருக்காது என்று கண்டுபிடித்தார். மட்டக்களப்பில் படித்துவிட்டு வந்த வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த சில மட்டைகளைப் பார்த்து, எங்களூர் ஓடாவி பூவரச மரத்தில் மிச்சத்தைச் செதுக்கிக் கொடுத்தார். அப்படியும் தோற்றார்கள். ஹொக்கி தெரிந்தவர்கள் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, அடித்துவிட்டு, எங்கள் செலவில் பகல் சோறும் தின்றுவிட்டுப் போனார்கள்.

பெண்பிள்ளை உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மைதானத்தின் மேற்குப் பக்கத்து வேலி என்னுடைய வேலி. எங்கள் பகுதியில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித்தந்தது கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீடு. அதற்கப்பால் மைதானம், மைதானத்துக்கப்பால் கடல். பெண்கள் மைதானத்துக்குப் போவது என்ற பேச்சே எண்பதுகளின் அந்தத் தொடக்கத்தில் கிடையாது. ஆகவே அஸர் தொழுகை முடிந்ததும் நானும் பக்கத்து வளவு மச்சியும் கிடுகு வேலியில் விரலால் விலக்கி வைத்த ஓட்டைகளுக்கு முன்னால் குந்திக்கொள்வோம். பின்னேர வெயில் எங்களுக்கு முதுகுப் பக்கம், ஆட்டம் முழுக்க முகத்துக்கு நேரே. அந்த மைதானத்தில் அதைவிட நல்ல இடம் எந்த ஆம்பிளைக்கும் வாய்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் நான் பார்த்தது ஹொக்கியை இல்லை, என் தம்பியை. முன்வரிசையில் ஆடுவான். ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் கோல் வாயிலுக்குப் போனதும் பந்து ஒரு பக்கம் போகும், மட்டை ஒரு பக்கம் போகும், அவன் மணலில் கிடப்பான். கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோல்கூட இல்லை. சவூதிக்கு விசா எழுதிப் போட்டிருந்தான், வந்தால் போய்விடுவான். போவதற்குள் அவன் ஒரு கோல் போடுவதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நான் நேர்ச்சை வைக்காத குறை. அவனுக்கும் அது தெரியும். ஒவ்வொரு தரம் தவறவிட்டதும் எங்கள் வேலிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். மச்சி என்னை இடிப்பாள்.

"உன்ட தம்பி கோல் போடுற நாளையில நாம ரெண்டு பேரும் கிழவியாகிருவம்டி."

என் புருஷன்தான் கழகத்தின் செயலாளர். அதனால் கழகத்தின் மகாநாடுகள் எல்லாம் என் வீட்டு விறாந்தையில். வீடு என்னுடையது, விறாந்தை என்னுடையது, தேயிலையும் சீனியும் என்னுடையது, கதை மட்டும் அவர்களுடையது. தலைவர் ஒரு போடியார். இறக்காமத்துப் பக்கம் கண்ணுக்கெட்டுகிற மட்டும் வயல் வைத்திருந்த மனிதர். ஹொக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. தலைவராவதற்கு அது தேவையும் இல்லை.

கழகம் ஏன் தோற்கிறது என்று அங்கே வாரக்கணக்கில் ஆராய்ந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மூளைகள். மணல் மைதானத்தில் பந்து இரண்டு முழம் உருண்டு புதைந்துபோகிறது, தம்பிமார் அதைத் தோண்டியெடுத்து அடிக்கிறார்கள் என்பது வேலி ஓட்டையில் பார்க்கிற எனக்கே தெரியும். அவர்கள் கண்டுபிடித்த காரணம் வேறு. பெவிலியன் இல்லை!

"மட்டக்களப்பான் வந்து பாக்கான். குந்த ஒரு கல்லில்ல. எப்பிடி நம்மள மதிப்பான்?" என்றார் போடியார்.

"மதிச்சாத்தானே பயப்புடுவான்," என்றார் என் புருஷன்.

தம்பி வாசற்படியில் நின்று மெல்லச் சொன்னான். "மச்சான், எங்களுக்குக் குந்துற இடம் வேணாம். களிமண் கொட்டி உருட்டித் தாங்க. பந்து ஓடினாப் போதும்."

போடியார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "களிமண்ணுக்குப் பாராளுமன்ற எம்பி வந்து ரிப்பன் வெட்டுவாராடா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எங்களூரில் ஆடுகிறவன் மேடையைச் சரியாக்கச் சொன்னான், வேடிக்கை பார்க்கிறவர்கள் தங்களுக்கு மேடை கேட்டார்கள்.

எம்பியும் சரியென்றுவிட்டார். தேர்தல் வருகிற வாடை அடித்ததோ என்னவோ, அம்பாறை அரசாங்கக் கச்சேரியிலிருந்து முத்திரை குத்திய படம் வந்து சேர்ந்தது. தேத்தண்ணி வைக்கிற சாட்டில் நானும் எட்டிப் பார்த்தேன். பெவிலியன் மைதானத்தின் மேற்கு ஓரத்தில். கிழக்கே பார்த்த உயரமான படிக்கட்டுகள், அதன் பின்சுவரோடு ஒட்டிக் கக்கூசு, அதையொட்டி என்னுடைய வேலி. இனி ஓட்டைக்குள்ளால் பார்த்தால் தெரிவது ஆம்பிளைகளின் கக்கூசு மட்டும்தான்.

மச்சியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவள் வெற்றிலையை மென்றபடி கேட்டாள். "கக்கூசு எந்தப் பக்கம் பாத்து இரிக்கி?"

எனக்குப் பொறி தட்டியது. எங்களுக்குக் கிப்லா மேற்கே. தொழுவது அந்தத் திசை பார்த்து. கக்கூசில் குந்தும்போது அந்தத் திசைக்கு முகத்தையும் காட்டக் கூடாது, முதுகையும் காட்டக் கூடாது. எங்களூரில் வீடு கட்டுகிற எந்த மேசனும் கக்கூசை வடக்குத் தெற்காகத்தான் வைப்பான். அம்பாறையில் படம் கீறினவருக்கு இந்தக் கவலை எங்கே வரப்போகிறது!

அன்று பகல் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "இஞ்ச பாருங்க, அந்தக் கக்கூசில குந்துறவன் மேற்கப் பாத்துத்தானே குந்துவான்?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் படத்தை விரித்தார். "அல்லாஹ்வே!" என்றார். அதோடு பெவிலியன் ஒழிந்தது என்று நானும் மச்சியும் கண்ணால் பேசிக்கொண்டோம்.

ஆனால் எங்கள் ஆம்பிளைகளை நாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். பெவிலியனை ஒருவரும் விடத் தயாரில்லை. கக்கூசை மட்டும் திருப்பிக் கட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார். போடியார் சீறினார். "முத்திரை குத்தின படத்தில ஒரு கோட்ட மாத்தினாலும் திரும்ப அம்பாறைக்குப் போகணும். சல்லி அடுத்த ஊருக்குப் போயிரும். வேணுமா?" அடுத்த ஊர் என்றதும் எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்புறம்தான் என் புருஷன் அந்த மகத்தான யோசனையைச் சொன்னார். படத்தில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். படத்தையே திருப்பிப் பிடிப்போம்!

மேசையில் படத்தைக் கால்வட்டம் சுற்றினார்கள். கக்கூசு வடக்குத் தெற்காக வந்துவிட்டது. மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆனால் திருப்பிய கட்டடம் மேற்கு ஓரத்தில் கொள்ளாது, மைதானத்துக்குள் மூக்கை நீட்டும். ஆகவே தெற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அதற்குப் பின்னால் போடியாரின் வளவு. வடக்கே பார்த்துக் கட்டினால் ஆட்டம் நன்றாகத் தெரியும். கக்கூசுதான் போடியாரின் கிணற்றடிக்குப் போய்ச் சேரும்.

"என்ட குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்தில ஊரான்ட கக்கூசா?" என்று போடியார் எழும்பி நின்றார்.

"அப்ப மத்தப் பக்கம் திருப்புவம்," என்றார் என் புருஷன். திருப்பினார்கள். கக்கூசு மைதானத்துப் பக்கம் வந்தது. படிக்கட்டு தெற்கே திரும்பியது. கிப்லாவுக்கும் குறையில்லை, போடியாருக்கும் குறையில்லை.

தம்பி மட்டும் கேட்டான். "அப்ப ஆட்டத்த எப்பிடிப் பாக்கிற?"

"டேய், நீ முதல்ல ஒரு கோலப் போடு," என்றார் போடியார். "பாக்கிறத நாங்க பாத்துக்குவம்."

கட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலி தப்பியது, எனக்கு அது போதும். சீமெந்துப் படிகள் ஆளுயரத்துக்கு மேலே எழும்பி நின்றன, வெள்ளை வெளேரென்று, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சுண்ணாம்பு காய்ந்ததும் இளந்தாரிகள் சிலர் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். நேரே கீழே போடியாரின் கிணற்றடி. போடியாரின் மனைவி குளித்துக்கொண்டிருந்தார். அவர் போட்ட கூச்சலில் கடற்கரையில் வலை காயப்போட்டவர்களெல்லாம் ஓடி வந்தார்கள்.

அதற்கு ஒரு மகாநாடு. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார்கள். படிக்கட்டின் உயரத்துக்குச் சுவரென்றால் கோட்டைதான் கட்ட வேண்டும். எம்பி வருகிற நாளோ நெருங்கிவிட்டது. யாரும் ஏற முடியாத பெவிலியனை எப்படித் திறந்துவைப்பது? போடியார் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் கைகொடுத்தது என் புருஷனின் மூளைதான்.

"கிணத்தடிய ஆம்பிளை பாக்கிறதுதானே குத்தம்? பொம்புளை பாத்தா என்ன? பொம்புளைகளுக்கெண்டு ஒதுக்கிருவம்."

விறாந்தை முழுக்க ஒளி வீசியது. போடியார் அவரைக் கட்டிப்பிடித்தார். பெண்களுக்குப் பெவிலியன் கட்டின ஊர் கிழக்கிலே வேறு உண்டா? பெண்களை மதிக்கிற கழகம் வேறு உண்டா? நான் குசினிக்குள் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் தம்பிக்கு விசா வந்தது. திறப்பு விழா ஆட்டம்தான் அவனுடைய கடைசி ஆட்டம்.

"நான் வரல்ல. எனக்கு என்ட வேலி போதும்," என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"செயலாளர்ட பொண்டாட்டியே வராட்டி ஊர் என்ன கதைக்கும் புள்ள? அதோட வேலியில இனி ஒண்டும் தெரியாது. எம்பி வாறாரெண்டு புதுக் கிடுகு கட்டிட்டம்."

போய்ப் பார்த்தேன். நான் வருஷக்கணக்காக விலக்கி வைத்த ஓட்டைகள் ஒன்றும் இல்லை. இரட்டைக் கிடுகு போட்டு இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் எம்பியின் பேரெழுதி வரவேற்கிற நீளமான சீலையையும் விரித்திருந்தார்கள். என்னுடைய வேலி, என் வாப்பா தந்த வளவு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

திறப்பு விழா அன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் நல்ல சாரியுடுத்து, முக்காடிட்டு, படிகளில் வரிசையாக உட்கார்ந்தோம். எம்பி ரிப்பன் வெட்டினார். கழகத்தின் பரந்த மனதைப் பாராட்டினார். ஆம்பிளைகள் கைதட்டினார்கள். பிறகு அவர்கள் மைதானத்தைச் சுற்றி வழக்கம்போல வெயிலில் நின்று ஆட்டம் பார்த்தார்கள், நாங்கள் நிழலில் உட்கார்ந்து கிணறு பார்த்தோம்.

நல்ல கிணறு. கட்டு உடையாதது. துலாவில் தகர வாளி தொங்கியது. ஒரு கோழி வந்து தண்ணீர் குடித்தது. போடியாரின் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுக் கிணற்றடியை ஊரே பார்ப்பதைத் தானும் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மட்டைகள் மோதுகிற சத்தம், விசில், "விடாத, விடாத" என்ற கத்தல். எழும்பித் திரும்பினால் கக்கூசுச் சுவர்.

அந்தச் சுவருக்கு அப்பால்தான் திடீரென்று ஊரே குமுறியது. அப்படியொரு சத்தத்தை எங்களூர் மைதானத்தில் நான் கேட்டதில்லை. மச்சி என் கையைப் பிடித்தாள்.

"யாருடா? யார் போட்ட?" என்று படியில் நின்று கத்தினேன். முக்காடு நழுவியதையும் பார்க்கவில்லை.

சுவரின் மூலையால் ஒருவன் தலையை நீட்டினான். "உங்கட தம்பிதான் ராத்தா! தெக்குக் கோல்ல! இந்தா, இந்தச் சுவத்துக்கு அங்கால!"

நான் சுவரைப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு, ஒரு கறையில்லை.

ஆட்டம் முடிந்ததும் தம்பி மட்டையோடு ஓடி வந்தான். மேலெல்லாம் மணல். பின்னால் போடியாரும் என் புருஷனும், தாங்களே கோல் போட்டதுபோலச் சிரித்துக்கொண்டு.

"கண்டீங்களா ராத்தா?"

"ஓம் தம்பி," என்றேன், அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி. "வாளியக் கண்டன். துலாவக் கண்டன். கோழி தண்ணி குடிச்சதக் கண்டன். போடியார்ட கிணத்த இனி கண்ண மூடிக்கிட்டும் நான் கீறுவன்."

போடியாரின் சிரிப்பு நின்றது. புருஷன் தரையைப் பார்த்தார். தம்பி படிகளைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"கோல் விழுந்த உடன நான் உங்கட வேலியத்தான் ராத்தா பாத்தன்," என்றான். "அங்க எம்பிட பேர்தான் இரிந்திச்சி."