நாலு பேர் கிடைப்பார்களா?

போன வியாழக்கிழமை காலை, தனியாக சினிமாவுக்குப் போனேன்.

"இந்த வயசில்... அதுவும் காலைக் காட்சிக்கா?" என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். கேட்க ஆள் இருப்பதே நல்ல விஷயம்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மனைவி வசந்தா போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் நானும் டிவியும்தான். டிவியில் ஒரு குறையும் இல்லை. சுவரில் பாதியை அடைக்கிற சைஸ். ஆனால் படம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்கும் — 'யார் பார்க்கிறீர்கள்?' கீழே மூன்று பெயர்கள். அதில் இரண்டு பேர் இந்த வீட்டில் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு பெயர்களைத் தாண்டிப் போய் என் பெயரை அமுக்க வேண்டும்.

அதற்குப் பயந்தே வாரம் ஒரு நாள் தியேட்டருக்குப் போய்விடுகிறேன். அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய தியேட்டர். ஒரு பெரிய அரங்கை மூன்றாகத் தடுத்து ஏசி போட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஸ்கிரீனில், பெரிய நடிகர் யாரும் இல்லாத ஒரு சின்னப் படம். ரிலீஸாகி ஏழாவது நாள். ஊரிலேயே அந்த ஒரு தியேட்டரில், ஒரே ஒரு காட்சி. பதினொன்றரைக்கு.

டிக்கெட் கவுன்ட்டருக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி மொடமொடப்புப் போகாத சேலை, தலை நிறையப் பூ, மடியில் ஒரு கட்டைப்பை. கல்யாணத்துக்குக் கிளம்பி வழி மாறி வந்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

"ஏனுங்க... நீங்களும் இந்தப் படத்துக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

"அப்பாடா! ரெண்டு பேர் ஆச்சுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தியேட்டர் மேனேஜர் வந்து புரியவைத்தார். சட்டையை இன் செய்த, முப்பத்தைந்து வயதுக்காரர்.

"சார், ஆறு பேராவது வந்தாத்தானுங்க ஷோ போடுவோம். பதினொன்னே முக்கால் வரைக்கும் பாக்கறனுங்க. இல்லீன்னா டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

"மீதி நாலு டிக்கெட்டையும் நானே எடுத்துக்கறேனே?"

"ஆகாதுங்க சார். படக்காரங்களே டிக்கெட் வாங்கிக் காலி சீட்டுக்குப் படம் ஓட்டறாங்கன்னு ஒரு பேச்சு வந்துபோச்சு. ஆளு உள்ள உக்காந்திருக்கோணும்னு ஓனர் சொல்லிப்போட்டாருங்க."

சரி, போகட்டும்... வேறு ஸ்கிரீனில் வேறு படம் பார்க்கலாம் என்று நான் திரும்பினேன். அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னைக்குத்தானுங்க கடைசி நாளு. நாளைக்கு வேற படமாமுங்க. இதுல என்ற பையன் வாரானுங்க."

அவர் பெயர் சரஸ்வதி. அன்னூர்ப் பக்கம் தோட்டம். ஒரே மகன் கார்த்தி. இன்ஜினியரிங் முடித்து கம்பெனி வேலைக்குப் போய், ஆறே மாதத்தில் அதை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்கு வண்டி ஏறியவன். அன்றிலிருந்து நாலு வருடமாக அப்பா அவனோடு பேசுவதில்லை. வீட்டில் அவன் பெயரையும் எடுக்கக் கூடாது. போன வாரம் அம்மாவுக்கு மட்டும் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்ததாம். எனக்கும் போட்டுக் காட்டினார். 'அம்மா, முடிஞ்சாப் பாரு. இடைவேளைக்கு அப்புறம் வருவேன். சின்ன சீன்தான்.'

"ஏழு நாளா வரோணும் வரோணும்னு பாத்தனுங்க. இன்னைக்குத்தான் எங்க ஊட்டுக்காரருகிட்ட, ரவிக்கை தைக்கக் குடுத்தத வாங்கியாரேன்னு பொய் சொல்லிப்போட்டு வந்தனுங்க."

மணி பதினொன்று பத்து. நாலு பேர் வேண்டும்.

நாலு பேர்! என் வாழ்நாளில் பாதியை 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று பயந்தே ஓட்டியவன் நான். இப்போது அந்த நாலு பேர் நிஜமாகவே தேவைப்படுகிறார்கள். போனை எடுத்தேன். அறுநூறு பெயர்களுக்கு மேல் இருக்கிறது. வாராவாரம் எழுதுகிற ஆசாமி, ஊரெல்லாம் தெரிந்தவன்... நாலு பேர் கிடைக்க மாட்டார்களா?

முதலில் என்னோடு மில் ஆபீஸில் இருபது வருடம் வேலை பார்த்தவர். "சினிமாவா? பேத்தியை ஸ்கூல்ல இருந்து கூப்பிடப் போகணுமேப்பா."

அடுத்து, ரேஸ்கோர்ஸில் தினமும் கூடவே நடக்கிற நண்பர். எடுத்தவுடனே குரலைத் தாழ்த்தி, "யாருக்கு என்னாச்சு?" என்றார். சினிமா என்றதும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்து, என் பத்திரிகையின் உதவி ஆசிரியர். "சார், இந்த வாரப் பத்தி ரெடிங்களா?"

விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பிளம்பர், பல் டாக்டர், கேஸ் புக்கிங், ஒரு தடவை ரயிலில் பேசியவர். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அழிக்க மனசு வரவில்லை. பத்து பேருக்கு அடித்திருப்பேன்... ஒருவரும் வருவதாக இல்லை. வேலை நாள் காலையில் 'சும்மா வா' என்று கூப்பிட எனக்கு ஒருவருமே இல்லை என்பது, ஒரு தியேட்டர் வாசலில் நின்றுகொண்டா எனக்குத் தெரிய வேண்டும்?

சரஸ்வதி அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. 'எடுக்க வேண்டாம்.'

அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். நடராஜன் என்று ஒரு வாசகர், உக்கடத்துக்காரர். இரண்டு வருடமாக, பத்தி வெளிவருகிற அன்று கூப்பிடுவார். முதல் தடவை நாற்பது நிமிடம் பேசினார். தன் முழங்கால் வலி, மிக்ஸி ரிப்பேர், டிவி சீரியலில் மாமியார் செய்த கொடுமை... இரண்டாம் வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் அந்தப் பெயரில் பதிந்தேன். அதன் பிறகு எடுத்ததே இல்லை.

வெட்கத்தை விட்டு அடித்தேன். ஒரு ரிங்கூட முழுசாகப் போகவில்லை.

"சார்! உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

விஷயத்தைச் சொன்னேன். என்ன படம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"எத்தன பேருங்க வேணும்?"

"நாலு பேர்."

"நாங்க மூணு பேர் இருக்கறமுங்க. இதா வந்தர்றோம்."

பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் பழைய கார் ஒன்று வந்து நின்றது. நடராஜன் இறங்கினார். நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியான, கூச்சமான மனிதர். ஈரத் தலையோடு அவர் மனைவி மல்லிகா. பின் சீட்டிலிருந்து, கறுப்புக் கண்ணாடியோடு மல்லிகாவின் அண்ணன். ஈரோட்டிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்திருக்கிறாராம்.

"எனக்கு ஒத்தக் கண்ணுதானுங்க தெரியும்" என்றார் மேனேஜரிடம். "தலைக் கணக்குல சேத்திக்குவீங்களா?"

சேர்த்தாலும் ஐந்துதான். மேனேஜர் ஒவ்வொருவராக எங்களைப் பார்த்தார். பிறகு சரஸ்வதி அம்மாவைப் பார்த்தார். கவுன்ட்டருக்குள் போய், பர்ஸை எடுத்து, தனக்கே ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார்.

"நானும் ஒரு தலைதானுங்களே! எட்டு வருசமா இங்க இருக்கறேன்... ஒரு படம்கூட முழுசாப் பாத்ததில்லீங்க."

அவ்வளவு பெரிய ஹாலில் ஆறு பேர். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் நடராஜன் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார்.

படம் எப்படி? விடுங்கள். நான் படத்தை எங்கே பார்த்தேன்? கார்த்தியின் முகம் எங்கள் யாருக்கும் தெரியாது. இடைவேளைக்கு அப்புறம்தான் வருவான் என்று தெரிந்தும், திரையில் எந்த இளைஞன் வந்தாலும் ஐந்து தலையும் சரஸ்வதி அம்மா பக்கம் திரும்பும். அவர் 'இல்லை' என்று தலையாட்டுவார். மறுபடி திரையைப் பார்ப்போம்.

இடைவேளையில் நடராஜன் டீ வாங்கப் போனார். நான் மல்லிகாவிடம், "இத்தனை நாள் அவர் போனை எடுக்க முடியலீங்க... கொஞ்சம் வேலை" என்று இழுத்தேன்.

"பரவாயில்லீங்க. அவரு ஊட்டுல வாயே தொறக்க மாட்டாருங்க. உங்ககிட்டப் பேசறதுக்கு மிக்ஸி கதை, சீரியல் கதையெல்லாம் நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"எதுக்குங்க?"

"நீங்க தனியா இருக்கறதா எழுதியிருந்தீங்களாமா. வாரம் ஒருக்கா யாராச்சும் பேசோணும்னாரு. நீங்க எடுக்கலீன்னா, 'ரிங் போகுது, மனுசன் நல்லாத்தான் இருக்காரு'ன்னு வெச்சுப்போடுவாரு."

டீ வந்தது. பேச ஆளில்லாத மனிதர் பாவம் என்று, இரண்டு வருடமாக நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்? அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்தார்?

இடைவேளைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் காட்சி. கதாநாயகியின் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஒருவன் ஓடி வருகிறான். கூட்டத்தைப் பார்த்து, "கொஞ்சம் வழி உடுங்க... வழி உடுங்க" என்கிறான். கேமரா ஒரு நொடி அவன் முகத்தில் நின்றது. திரை முழுக்க முகம். பிறகு கதவு மூடிக்கொண்டது. பதினைந்து நொடி இருந்தால் அதிகம்.

நாங்கள் திரும்பினோம். சரஸ்வதி அம்மா தலையாட்டவில்லை. இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றிருந்தார். ஓடி வருகிறவன் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று பதறுகிற மாதிரி.

முதலில் கை தட்டியது ஒற்றைக் கண்காரர்தான். அப்புறம் எல்லோரும் தட்டினோம். வாயே திறக்காத நடராஜன் விசிலே அடித்தார்!

படம் முடிந்து வெளியே வந்ததும், "ஊட்டுக்கு வாங்க சார், சாப்புட்டுப் போலாம்" என்றார் நடராஜன். "இல்லீங்க, வேலை இருக்குது" என்றேன். என்ன வேலை? எனக்கே தெரியாது. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அவர் வற்புறுத்தவில்லை. கார் போய்விட்டது.

சரஸ்வதி அம்மாவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அன்னூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, நாந்தானுங்க. பஸ் ஏறப்போறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தார். அப்புறம் ஒரு கரகரத்த குரல்.

"வந்தானா?"

சரஸ்வதி அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "வந்தானுங்க" என்றார் கடைசியில்.

"அடுத்த ஆட்டம் எத்தன மணிக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். தியேட்டர் வாசலில் வெள்ளிக்கிழமைப் படத்தின் பேனரைக் கட்ட ஆரம்பித்ததை நாங்கள் இருவருமே பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.

"இன்னையோட எடுத்துட்டாங்களாமுங்க."

நான் மெதுவாக, "போன்லயே படத்தப் பாக்கலாமுங்க, கொஞ்ச நாள்ல" என்றேன். அதை அப்படியே அவர் போனில் சொன்னார்.

"அதுல சின்னதாத்தான தெரிவான்" என்றது குரல்.

யாரையாவது பார்க்க வேண்டியிருந்தால் போய்ப் பார்த்துவிடுங்கள்... வெள்ளிக்கிழமை வந்தால் படத்தை மாற்றிவிடுகிறார்கள்!