ஆடாமல் அசையாமல் ஏற்றியவன்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். செய்த பொம்மையை ஒரு விரல்கூட உடையாமல் வெளியூர் போய்ச் சேருகிற மாதிரி கட்டுகிறவன் விருத்தகிரி ஒருவன்தான். மரப்பெட்டியின் அடியில் வைக்கோலை மெத்தையாகப் பரப்புவான். பொம்மையை வைத்துச் சுற்றிலும் வைக்கோலைத் திணிப்பான். கடைசியில் பெட்டியைத் தூக்கிக் காதருகே ஆட்டிப் பார்ப்பான். உள்ளே சின்னச் சத்தம் வந்தாலும் மறுபடி பிரித்துக் கட்டுவான்.

"அசையற பொருளுதான் ஒடையும். அசையவே வுடக்கூடாது" என்பான். வருஷக் கணக்காக அந்த ஒரு பேச்சில்தான் அவன் சோறு தின்றான். அதே பேச்சு தன் பிள்ளையின் காலைச் சுற்றிக்கொள்ளும் என்று அப்போது யார் கண்டார்கள்?

குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்து வீட்டைத் திருப்பிக் கேட்டார். மங்கலம்பேட்டையில், துபாயில் இருக்கிற ஒருவருடைய வீடு வாடகைக்கு அமைந்தது. ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஊரே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும், வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் விருத்தகிரியின் மனைவி அன்புக்கரசி ஆடி பாதியிலேயே நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வாடகை வண்டிக்காரன் சாமிதுரையிடம் பழைய 407 லாரி ஒன்றும், அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்த குட்டியானை என்கிற சின்ன வண்டி ஒன்றும் இருந்தன. அவன் வீட்டுக்கு வந்து சாமான்களைச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, கட்டிலு இருக்குது, பீரோ இருக்குது. 407தான் சரிப்படும். முன்னாடியும் எல்லாரும் தாராளமா ஒக்காரலாம்."

விருத்தகிரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கட்டறவன் வூட்டுக்கே 407ஆ? பாதி வண்டி காலியா ஆடிகிட்டுப் போவும், பாக்கறவன் சிரிப்பான். குட்டியானை போதும்."

"உங்க இஷ்டம்ணே. வழியில கரண்டுக் கம்பியெல்லாம் தொங்குது. ஒசரமா ஏத்திடாதீங்க."

"ஏத்தறது என் வேல. ஓட்டறது ஒன் வேல."

அன்புக்கரசியின் முகம் சுண்டிப்போனதை அவன் பார்த்தான். எதற்கெடுத்தாலும் இவளுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டான்.

கிளம்புகிற நாளில், ராகு காலம் பிறப்பதற்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். விடிந்ததும் ஏற்ற ஆரம்பித்தான். அண்டாவுக்குள் மிக்சி, மிக்சியைச் சுற்றி வைக்கோல். பீரோவுக்குப் பக்கத்தில் ட்ரங்குப் பெட்டி, நடுவில் வைக்கோல். கை நுழைய இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மரக்கட்டிலைக் கவிழ்த்துப் போட்டான். அதன் நாலு காலும் வானத்தைப் பார்த்து நின்றன. பக்கத்து வீட்டு நீலாவதி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கட்டில இப்படியா போட்டு எடுத்துட்டுப் போறது? பாக்கவே நல்லால்லியே" என்று முணுமுணுத்தாள். அவன் காதில் விழுந்தும் விழாத மாதிரி கயிற்றை இறுக்கினான்.

சாமான் எல்லாம் ஏறிவிட்டது. ஆட்கள் ஏற வேண்டியதுதான் பாக்கி. குட்டியானையில் ஓட்டுகிறவன் போக முன்னால் ஒரே ஒரு ஆள் உட்காரலாம். அங்கே அன்புக்கரசி காமாட்சி விளக்கையும் உப்பு ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது வீட்டு வாசற்படி தாண்டும்வரை அவற்றைக் கீழே இறக்கக் கூடாது. மகள் யுவஸ்ரீ, இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்டிவரைக்கும் அளந்த விருத்தகிரி பெற்ற பிள்ளையை அளக்க மறந்திருந்தான்.

"நீங்க பாப்பாவ கூட்டிகிட்டு பஸ்ஸுல வாங்க" என்றாள் அன்புக்கரசி.

"ஏத்துன சரக்க வுட்டுட்டு நான் பஸ்ஸுல வரதா? பாப்பா எங்கூட மேல வரட்டும்."

"வேணாம்ணே" என்றான் சாமிதுரை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. விருத்தகிரி அதைக் காதில் வாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான்.

கட்டிலின் நாலு கால்களுக்கு நடுவே மகளை உட்கார வைத்தான். விழுந்துவிடாமல் இருக்க இடுப்புவரை வைக்கோலைத் திணித்து, இரண்டு பக்கமும் தலையணை செருகி, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினான். தோளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"அப்பா, கால மடக்க முடியல."

"அப்பத்தான் வுழ மாட்ட" என்று சிரித்தான். பழகிய கை செய்த வேலையில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வண்டி கிளம்பியது. அவன் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆவணிக் காற்று சாமான்களை உலுக்கிப் பார்த்தது, ஒன்றும் அசையவில்லை. கம்பி வரும்போதெல்லாம் "குனி பாப்பா" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே குனிவாள். ஒவ்வொரு கம்பியும் முந்தினதைவிடத் தணிந்து வருவதுபோல அவனுக்குப் பட்டது. இறங்கிக் கட்டிலைத் திருப்பிப் போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். ராகு காலம் நினைவுக்கு வந்தது.

மங்கலம்பேட்டை நெருங்கும்போது, கரும்புக் கொல்லைக்கு நடுவே இரண்டு கம்பிகள் ரோட்டைக் கடந்து தொங்கின. பிள்ளை குனிந்தாள். கட்டில் கால் எப்படிக் குனியும்? அது ஒரு கம்பியைத் தள்ளி இன்னொன்றின்மேல் போட்டது. படபடவென்று பொறி கொட்டியது. வைக்கோல் பற்றிக்கொண்டது.

"நிறுத்துடா!" என்று அவன் கத்தியது காற்றில் போனது. மகளின் அக்குளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கயிற்றைப் பிடுங்கினான், வைக்கோலை வாரி வாரி எறிந்தான், தலையணையை உதைத்தான். அவன் கட்டியதை அவனாலேயே பிரிக்க முடியவில்லை. வண்டி நின்ற பிறகு ஒருவழியாக அவளை உருவி எடுத்து வரப்பில் குதித்தபோது, அன்புக்கரசி ஓடி வந்துகொண்டிருந்தாள். உப்பு ஜாடி தார் ரோட்டில் உடைந்து கிடந்தது.

பிள்ளை பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. அவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும்போதெல்லாம் விருத்தகிரிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ஒரு வருஷம் மாமியார் வீட்டில் ஒண்டிக் கிடந்துவிட்டு, அடுத்த ஆவணியில் தொழிற்பேட்டைப் பக்கமே வீடு பார்த்தார்கள். தீயில் எரிந்தது போக மீந்த சாமான் ஒரு மூலைக்குக் காணாது. விருத்தகிரி 407 வேண்டும் என்றான். வைக்கோல் வைக்கவில்லை, கயிறு கட்டவில்லை. எடுத்தெடுத்துப் போட்டுவிட்டு, மகளுக்கும் மனைவிக்கும் பக்கத்தில் முன்னால் ஏறி உட்கார்ந்தான். வழியெல்லாம் பின்னால் சாமான் உருண்டது. பீங்கான் உடைகிற சத்தம் அவனுக்குத் தெரியாதா?

"அண்ணே, என்னவோ ஒடையுது. நிறுத்திக் கட்டிக்கலாமா?" என்றான் சாமிதுரை.

"ஒடையட்டும். நீ ஓட்டு."

"அப்பா, கால நீட்டிக்கவா?" என்றாள் யுவஸ்ரீ.

"நீட்டிக்க பாப்பா" என்று அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.