ஒரு குரலுக்காகத் திருத்திய டெக்

1998ஆம் ஆண்டு, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதங்கள். கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, புதுக்குடியிருப்புக்கு அருகே ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். 'இருந்தோம்' என்றால் நானும் என் மகளும் மட்டும்தான். அதற்கு முந்தைய வருடம் வைத்தியத்துக்காக வவுனியாவுக்குப் போன கணவர், ஓமந்தைப் பக்கம் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டதால் திரும்பி வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

கிளிநொச்சியில் அவர் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் சிறிய கடை வைத்திருந்தார். ஊரைவிட்டு ஓடிவந்த நாளில் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவை தன்னுடைய கருவிப் பெட்டி, ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, பழைய வீடியோ டெக் ஒன்று. மேல்மூடியைத் திறந்து கசட்டை இறக்கும் அந்தக் காலத்து டெக். ஹார்மோனியக் கட்டைகள் போலப் பெரிய பொத்தான்கள். சோறு வடிக்க ஒழுங்கான பானை இல்லாத இடத்தில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அன்றைக்கே அவரோடு சண்டை பிடித்தேன். பிறகு அது கொட்டிலின் மூலையில் கிடந்தது. கூரை ஒழுக்குத் தண்ணீர் அதற்குள் இறங்கியது. கோழிகள் அதன்மேல் ஏறிப் படுத்தன.

வேலிக்கு அப்பால் ஓர் அம்மா இருந்தார். நாயாற்றுப் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்தொழில் குடும்பம். கணவர் முன்னமே காலமாகிவிட்டார். மூத்த மகள் கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டாள். ஒரே மகன் ஒருநாள் விடியற்காலை கடலுக்குப் போனவன் வரவில்லை. சூட்டுத் துளைகளோடு வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அந்த அம்மா அதிகம் கதைக்க மாட்டார். காலையில் என் அடுப்பில் நெருப்பு எடுக்க வருவார், எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் அப்படி வந்தவரின் கண்ணில் டெக் பட்டது. கோழியைக் கலைத்துவிட்டு அதைக் கையால் தடவிப் பார்த்தார். உடனே போய், பூசைக்குப் போடும் முக்காட்டுத் துணியில் சுற்றிய ஒரு கசட்டோடு திரும்பி வந்தார்.

"பிள்ளை, இது ஓடுமோ?"

"ஓடாது அம்மா. தண்ணி போய் எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்குது."

"மகளின்ர கலியாண வீடியோ. சொந்தக்காரர் வீட்டில இருந்தபடியால் தப்பினது. போட்டோ எல்லாம் எங்கட வீட்டோட எரிஞ்சு போச்சு." கசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்டைக்கு முழுக்க வீடியோக்காரனுக்கு லைற் பிடிச்சவன் என்ர மகன்தான். வேற ஒருத்தரையும் தொட விடேல்லை. அதால படத்தில அவன் இல்லை. கடைசியில பந்தியில ஒருக்கா வருவான். அந்த ஒருக்காத்தான்."

அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முயற்சி செய்து பார்க்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், கடையில் கணவருக்குப் பக்கத்தில் இருந்து ஆணி பொறுக்கிக் கொடுத்தபோது பார்த்த வேலைகள்தான்.

மூடியைக் கழற்றினால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை ஒரு ஈர்க்கால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தேன். சக்கரங்களைச் சுற்றும் ரப்பர் பட்டிகள் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தன. தொட்ட கை கறுப்பாகிவிடும், சவர்க்காரத்துக்கும் போகாது. பூசியிருந்த கிறீஸ் மெழுகாக இறுகியிருந்தது. அதை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுத் தையல் மெசின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

புதுப் பட்டி வாங்க எங்கே போவது? நூல் வாங்குவதே பெரும்பாடாக இருந்த காலம். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, தடிப்புக் குறையும்வரை அரத்தாளில் தேய்த்தேன். வெட்டியதில் பாதி அறுந்தது. மீதியில் ஒன்று கூடுதலாக இறுகியது, இன்னொன்று வழுக்கியது. மின் பகுதியில் ஒரு கொண்டென்சர் வீங்கியிருந்தது. அதே அளவில் ஒன்றைப் பழைய ரேடியோ ஒன்றில் இருந்து கழற்றினேன். பற்றவைக்க மின்சாரம் இல்லை. செப்புக் கம்பியைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சி ஈயத்தைத் தொட்டேன். ஒரு கம்பி ஆறுவதற்குள் ஒரு பொட்டுத்தான் வைக்கலாம். படத்தைப் படிக்கும் வட்டத் தலையை மட்டும் கடைசிவரை தொடப் பயந்தேன். பிழையாகத் துடைத்தால் அதோடு போயிற்று என்று கணவர் அடிக்கடி சொல்வார். மருந்தகத்துத் தாதி கொடுத்த ஸ்பிரிட்டில் மெல்லிய துணியை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் மட்டும் துடைத்தேன்.

அந்த அம்மா தினமும் வந்து எதிரில் குந்தியிருப்பார். எப்போது முடியும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வாய்க்காலுக்கு அங்கால் ஒரு கமக்காரர் இருந்தார். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வயல் செய்தவர். அவரிடம் சின்ன ஜெனரேற்றர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அதற்கு முன் அவரோடு கதைத்ததில்லை. மண்ணெண்ணெய் அவருக்கு எவ்வளவு அருமை என்று தெரியும், வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பதே அதில்தான். தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அந்த மனுசிக்கு அந்தப் பெடியன் ஒருத்தன்தானோ?"

"ஓம் அண்ணை, ஒரே மகன்."

"ஜெனரேற்றரைக் காவிக்கொண்டு நீங்கள் திரிய வேண்டாம் பிள்ளை. நானே கொண்டு வாறன்."

சொன்னபடியே சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை வெறும் பரிசோதனைதான். ஒரு பழைய கசட்டைப் போட்டுப் பார்த்தோம். டெக் அதை அப்படியே தின்றுவிட்டது. நாடா முழுக்க உள்ளே சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார். "தின்னுதெண்டால் உயிர் வந்திட்டுது எண்டுதானே கருத்து. இனிப் பழக்கவேண்டியதுதான்" என்றார். போகும்போது, எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி பட்டி வெட்டினேன். நாடாவை அழுத்தும் ரப்பர் உருளை கண்ணாடி போல வழுவழுத்திருந்ததைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். கமக்காரரும் அடுத்த கிழமை ஒரு முற்பகல் வந்தார். ஜெனரேற்றரை வேலிக்கரையில் தென்னைக்குக் கீழே வைத்து, துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அந்த இயந்திரம் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்காது. அது இடையில் இழுத்து இழுத்து நிற்கப் பார்க்கும் என்பதால் அவர் அதை விட்டு அசையவில்லை. உள்ளே நானும் அந்த அம்மாவும் என் மகளும்தான்.

முதலில் திரை முழுக்க இரைச்சல் கோடுகள். சரிப்படுத்தும் குமிழை மெல்லத் திருகத் திருக, கோடுகளுக்கு நடுவில் ஒரு தேவாலயம் வந்தது. பிறகு மணப்பெண். அந்த அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டேன். மோதிரம் மாற்றினார்கள், படியிறங்கினார்கள். மகன் வரும் இடத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நாங்கள் ஆறுதலாக இருந்தோம். மாப்பிள்ளையின் முகம் இருட்டாகத் தெரிந்தது. வீடியோக்காரர் யாரிடமோ வெளிச்சத்தை உயர்த்தச் சொல்வது கேட்டது. உடனே, கமராவுக்கு மிகப் பக்கத்தில் இருந்து ஓர் இளம் குரல்.

"ஓம் அண்ணை, காணுமோ?"

போதுமா என்று கேட்கிறான். அவ்வளவுதான்.

இதை அந்த அம்மா எதிர்பார்க்கவே இல்லை. கடைசியில் தெரியப்போகும் முகத்துக்காகக் காத்திருந்தவரிடம் அவன் அதற்கு முன்பே பேசிவிட்டான். இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவன்தான். பிள்ளை, அவன்தான். இன்னொருக்கா விடு."

நான் முதலில் வாசலுக்கு ஓடினேன். "அண்ணை! குரல் கேக்குது! பெடியன்ர குரல்!" என்று கத்தினேன். அவருக்குச் சத்தத்தில் விளங்கவில்லை. காதைக் காட்டி, உள்ளே கையைக் காட்டிச் சைகை செய்தேன். விளங்கியதும் முகம் முழுக்கச் சிரித்துக் கையை உயர்த்தினார்.

திரும்பி வந்து நாடாவைப் பின்னுக்குச் சுற்றினேன். "ஓம் அண்ணை, காணுமோ?" மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் விடச் சொன்னார். அந்த அம்மா திரைக்குக் கிட்டப் போய்க் காதை வைத்துக்கொண்டார். அடுத்த தடவை சுற்றும்போது என் ரப்பர் பட்டி வழுக்கியது. உள்ளே ஏதோ நெரிபட்டது. திரை வெறுமையானது. நாடா போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் ஓடிப்போய், இயந்திரத்தை நிறுத்தும்படி கையைக் குறுக்கே வீசிக் காட்டினேன். அவர் குனிந்து நிறுத்தினார்.

சத்தம் நின்றது. அப்போதுதான் மேலே அந்த இரைச்சல் கேட்டது. கிபிர் என்று நாங்கள் சொல்லும் குண்டு விமானங்கள். எவ்வளவு நேரமாகச் சுற்றினவோ தெரியாது. அவற்றில் ஒன்று ஏற்கெனவே குண்டு போடத் தாழப் பதியத் தொடங்கியிருந்தது.

மகளை இழுத்தேன். அந்த அம்மா டெக்கை விட்டு வர மறுத்தார், அவரையும் இழுத்தேன். கொட்டிலுக்குப் பின்னால்தான் பதுங்குகுழி. இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கமக்காரர் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டியபடி குந்தியிருந்து, மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அந்த இயந்திரத்தோடு நின்ற காது. அவருக்கு விமானம் கேட்கவே இல்லை.

"அண்ணை! கிபிர்! ஓடி வாங்கோ!"

தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாம் தடவை கத்தியபோது திரும்பினார். என்ன என்று கேட்பதுபோலக் கையைக் காதுக்குப் பின்னால் வைத்தார்.

பிறகு மண்தான். கண்ணுக்குள், வாய்க்குள், எல்லா இடமும் மண்.

வெளியே வந்தபோது கொட்டிலின் மண்சுவரில், நாங்கள் இருந்த உயரத்தில், குண்டுத் துண்டுகள் போன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. தொலைக்காட்சி சிதறியிருந்தது. டெக் கவிழ்ந்து கிடந்தது. கமக்காரர் தென்னையின் அடியில் கிடந்தார். உயிர் இருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அந்த அம்மா தன் முக்காட்டுத் துணியால் அவருடைய வயிற்றை அழுத்திப் பிடித்தபடி வழி முழுக்கச் செபம் சொன்னார். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலைக் காணும் முன்பே முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் அவருடைய மனைவியின் முன்னால் போகும் தைரியம் எனக்கு வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அந்த அம்மாவும் கூட வந்தார். அவர் தரையில் இருந்தார். கமக்காரரின் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெடியன்ர முகத்தைப் பாக்கப்போகினம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். பின்னேரம் வந்து சொல்லுறன் எண்டவர்" என்றார். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டார். "பாத்தனீங்களோ?"

"முகம் பாக்கேல்லை பிள்ளை. குரல் கேட்டனான்."

"அவருக்குத் தெரியுமோ, நீங்கள் கேட்டது?"

தெரியும் என்று நான் சொன்னேன். வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னதையும், விளங்கியதும் அவர் சிரித்துக் கையை உயர்த்தியதையும் சொன்னேன். எப்படி உயர்த்தினார் என்று கேட்டார். செய்து காட்டினேன். அதைப் பார்த்தபடியே இருந்தவர், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். உள்ளே அவர் அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த அந்த அம்மாவும் அழுதார். மகன் போன நாளில்கூட அவர் சத்தமாக அழவில்லை என்று பிறகு அறிந்தேன்.

உடைந்த டெக்கைப் பிரித்துக் கசட்டை எடுத்தேன். ஒரு முழ அளவு நாடா கசங்கியிருந்தது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. மகனுடைய முகம் வரும் பகுதிக்கு ஒன்றுமே ஆகவில்லை. வேறு எங்காவது போட்டுப் பார்க்கலாம் அம்மா என்றேன். "வேண்டாம் பிள்ளை. என்ர பிள்ளையைப் பார்க்கேக்குள்ள எனக்கு அந்த மனுசனும் தெரிவார்" என்றார். நான் அந்த ஊரைவிட்டுப் போகும்வரை அவர் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மகனுக்கு ஒன்று, கமக்காரருக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார்.

2001இல் ஒருவாறு வவுனியா வந்து கணவரோடு சேர்ந்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, பட்டி வழுக்கியதால்தான் நீங்கள் தப்பினீர்கள் என்று அவர் ஆறுதல் சொன்னார். அது உண்மைதான். அந்த இயந்திரம் நிற்காவிட்டால் நாங்கள் மூவரும் அந்தச் சுவரோடு போயிருப்போம். ஆனால் தப்பியதை நினைக்கும்போது எனக்கு ஒருநாளும் மகிழ்ச்சி வந்ததில்லை; முன்பின் அறியாத ஒரு தாயின் ஆசைக்காகத் தன் வெங்காயத் தண்ணீரை விட்டுவிட்டு வந்த மனிதர் ஒருவர் என் கண்முன்னே இருந்தார் என்பதையும், அவருடைய கடைசிச் சிரிப்பு இன்னொருவருடைய பிள்ளைக்காகவே இருந்தது என்பதையும் நினைத்தே நான் மனிதர்களை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.